கசந்ததைக் கொட்டினோம், பொங்கியதைக் குடித்தோம்: எலுமிச்சை, சாத்துக்குடிச் சாறு கெடுவது எப்படி?

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் சித்திரையில் நடந்தது. கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில், வெயிலில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் முகப்பிலேயே எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குச் சாத்துக்குடி. சமையல்காரர் போட்ட கணக்கைவிடக் கூட்டம் குறைந்துவிட்டது. உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு பார்த்தால், ஃபிரிட்ஜில் இரண்டு பாட்டில்கள் மிச்சம். ஒன்றில் தண்ணீர் சேர்க்காத எலுமிச்சைச் சாறு அரை பாட்டில். இன்னொன்றில் சர்க்கரை போட்ட சாத்துக்குடிச் சாறு கழுத்து வரை.

ஒரு வாரம் அவற்றை யாரும் தொடவில்லை. நடுவில் இரண்டு மூன்று முறை மணிக்கணக்கில் மின்சாரம் நின்றது. பிறகு எடுத்தபோது எலுமிச்சைச் சாறு நிறம் மங்கி, லேசாகப் பழுப்பேறி, அடியில் வண்டல் தங்கி இருந்தது. நாக்கில் வைத்தால் கசந்தது. சாத்துக்குடியோ மஞ்சள் மாறாமல் அழகாக இருந்தது. மூடியைத் திருகியபோது மட்டும் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். அப்பத்தா முதல் பாட்டிலை முகம் சுளித்துக்கொண்டே சாக்கடையில் கவிழ்த்தார். சித்தப்பா இரண்டாவதை, “சோடா ஊற்றியது போல நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்தார். மறுநாள் காலை வரை அவர் வயிறு அவர் வசத்தில் இல்லை.

கொட்டியது குடிக்கக்கூடிய சாறு. குடித்தது கெட்ட சாறு. கண்ணையும் நாக்கையும் மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். புளிப்புப் பழங்களின் சாற்றில் நடக்கும் மாற்றங்களில் பாதி வெறும் மாற்றம், பாதிதான் கெடுதல். இரண்டையும் பிரித்தறிய, அந்தச் சாற்றைக் காப்பது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புளிப்பு என்னும் காவல்

காலையில் வாங்கிய பால் மதியத்துக்குள் திரிந்துவிடும் வெயிலில், பிழிந்த எலுமிச்சைச் சாறு மாலை வரை அப்படியே இருக்கிறது. காரணம், அதிலுள்ள சிட்ரிக் அமிலம். நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றில் ஐந்தாறு கிராம் வரை அமிலம் இருக்கும். புளிப்பை அளக்க பிஎச் என்றோர் அளவுகோல் உண்டு. சுத்தமான தண்ணீருக்கு அதில் 7. பாலுக்கு ஏறக்குறைய 6.6. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 2.6க்கும் இடையில் நிற்கும். ஆரஞ்சு பெரும்பாலும் 3.5 முதல் 4 வரை. சாத்துக்குடியில் புளிப்பு இன்னும் குறைவு என்பது நாக்குக்கே தெரியும்.

இந்த அளவுகோலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். எனவே 2.3 உள்ள எலுமிச்சைக்கும் 3.8 உள்ள ஆரஞ்சுக்கும் இடையே உள்ள ஒன்றரை எண் வித்தியாசம், ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம். ‘இரண்டும் புளிப்புப் பழம்தானே’ என்று ஒரே தட்டில் வைத்துப் பேசுவது இங்கேதான் சறுக்குகிறது. எத்தனை நாள் தாங்கும் என்று எலுமிச்சைக்குப் போடும் கணக்கைச் சாத்துக்குடிக்குப் போடவே கூடாது.

உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிஎச் 4.6க்குக் கீழே பெருக முடியாமல் திணறும். டப்பாவில் அடைத்த உணவில் நஞ்சைச் சுரக்கும் பாட்டுலினம் பாக்டீரியாவும் அவற்றில் ஒன்று; உணவைப் பதப்படுத்தும் தொழிலில் இந்த 4.6 ஒரு எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியும் புளிப்பில் குடித்தனம் நடத்தக் கூடியவை சில உண்டு: ஈஸ்ட், பூஞ்சணம், மோரைப் புளிக்க வைக்கும் வகைப் பாக்டீரியா, காடியை உண்டாக்கும் பாக்டீரியா. புளிப்புச் சாறு கெடுகிறது என்றால் பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவருடைய வேலை. இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடயத்தை விட்டுச் செல்வார்கள் என்பதுதான் நமக்கு வசதி.

ஈஸ்ட்டை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பனைமரத்தில் கட்டிய கலயத்தில் சொட்டும் இனிப்பு நீர், சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிறதே, அது ஈஸ்ட்டின் கைவேலை. அதே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே இறங்குகிறது. சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை முடக்குகிறது. பனையேறி காரத்தால் செய்வதை எலுமிச்சை அமிலத்தால் செய்கிறது; எதிர்த் திசையிலிருந்து வந்து அதே கதவை அடைக்கிறது. ஆனால் சுண்ணாம்பு அளவுக்கு இறுக்கமாக அல்ல. ஈஸ்ட் புளிப்பைத் தாங்கும். சர்க்கரையும் வெப்பமும் கிடைத்தால் நிதானமாகத் தன் வேலையைத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டுச் சாத்துக்குடி பாட்டிலில் புளிப்பு குறைவு, சர்க்கரை தாராளம், மின்வெட்டில் வெப்பமும் கிடைத்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள மாநிலத்தில், ஃபிரிட்ஜுக்குள் கள் இறக்கியிருக்கிறோம்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். எலுமிச்சைச் சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து ‘ஜூஸாக’ எடுத்து வைப்பது மோசமான யோசனை. ஒரு பங்கு சாற்றில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றினால் அமிலம் பத்தில் ஒன்றாகிறது. ஈஸ்ட்டுக்கு உணவாகச் சர்க்கரை சேர்கிறது. தண்ணீரும் ஐஸ்கட்டியும் கொண்டுவரும் கிருமிகள் வேறு. சாற்றைச் சாறாகவே வையுங்கள். கலப்பது டம்ளரில் நடக்கட்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்துபோகிறவர்களுக்கு வழியில் பானகமும் எலுமிச்சைச் சாறும் கொடுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: விடியற்காலையில் அண்டா நிறையக் கரைத்து மாலை வரை ஊற்றிக்கொண்டிருப்பதைவிட, சாற்றைத் தனியே வைத்துக்கொண்டு குடம் குடமாகக் கரைப்பது மேல்.

கெட்டது போல் தோன்றும், கெட்டிருக்காது

முதலில் கசப்பு. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாவற்றின் விதையிலும், சுளைகளைச் சுற்றியுள்ள வெள்ளைத் தோலிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அதற்குக் கசப்பு கிடையாது. பிழியும்போதோ மிக்ஸியில் அடிக்கும்போதோ அது சாற்றில் கலந்து, அமிலத்தோடு சேர்ந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. அதனால்தான் பிழிந்தவுடன் தேனாக இருக்கும் சாறு மதியத்தில் கசக்கிறது. சூடாக்கினால் இது இன்னும் விரைவாக நடக்கும். உடம்புக்கு இதனால் கேடில்லை, வாய்க்குத்தான் கேடு. விதையோடு மிக்ஸியில் போட்டு அரைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கசப்பின் பிறப்பிடம் அதுதான். விதையை எடுத்துவிட்டு, கையால் அளவாகப் பிழிந்து, உடனே வடிகட்டுங்கள். பழத்திலிருந்து கடைசிச் சொட்டையும் கறக்கும் சிக்கனம் இங்கே உதவாது.

பம்பளிமாஸின் கசப்பு வேறு. அது பழத்திலேயே உள்ளது, காத்திருக்காது.

அடுத்தது நிற மாற்றம். சாற்றிலுள்ள வைட்டமின் சி காற்றுப்பட்டு மெல்ல மெல்ல அழிகிறது. அழிந்து உருவாகும் பொருள்களில் சில பழுப்பு நிறம் தருகின்றன. பாட்டில் அரையளவு காலியாக இருந்தால், உள்ளே காற்று அதிகம், பழுப்பும் விரைவு. எங்கள் எலுமிச்சை பாட்டிலின் கதை இதுதான். ரசத்தில் ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சத்தும் மணமும் குறைந்த சாறு, அவ்வளவே.

இந்த வைட்டமின் விவகாரத்தில் பெரிய மூளைகளே ஏமாந்திருக்கின்றன. ஈறு வீங்கி, பல் ஆடி, மாலுமிகள் மடிந்துகொண்டிருந்த ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாகும் என்று 1747இல் கப்பலிலேயே சோதித்துக் காட்டினார் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர். நீண்ட பயணத்துக்குச் சாறு தாங்க வேண்டுமே என்று, அதைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கும் வழியையும் அவரே சொன்னார். காய்ச்சியதில் மருந்தே பெரும்பாலும் போய்விட்டது. 1795இல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியபோது, காய்ச்சாமல் சிறிது சாராயம் சேர்த்துக் காத்தார்கள். 1867இல் லாக்லன் ரோஸ் என்பவர், சாராயத்துக்குப் பதில் சர்க்கரையால் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நன்னாரி சர்பத்தின் பாகு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதே தத்துவத்தில்தான்: கொஞ்சம் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு விருந்து, பாகுபோல் அளவு மீறிய சர்க்கரை அதற்குப் பட்டினி. அத்தனை சர்க்கரை ஈஸ்ட்டின் உடம்பிலுள்ள நீரையே உறிஞ்சிவிடுகிறது.

மூன்றாவது, சாறு பிரிவது. மேலே தெளிந்த நீர், கீழே வண்டல். பழத்திலுள்ள நொதி ஒன்று, சாற்றின் கலங்கலைத் தாங்கி நிற்கும் பெக்டினை மாற்றிவிடுவதால் இப்படி ஆகிறது. குலுக்கினால் கலந்துவிடும். இதற்காக யாரும் சாற்றைக் கொட்ட வேண்டாம்.

உண்மையிலேயே கெட்டால்

பாட்டிலைத் திறக்கும் முன்பே சோதனை தொடங்குகிறது. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல் விறைத்து நின்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. மூடி உப்பியிருக்கலாம். கண்ணாடி பாட்டிலாக இருந்து அப்படிச் சந்தேகம் வந்தால், முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். தொட்டியில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, மெல்லத் திருகுங்கள். அடைபட்ட வாயுவுக்குக் கண்ணாடியை உடைக்கும் வலு உண்டு.

திறந்தபோது சோடா பாட்டில்போல் சத்தம் வந்தால், அது ஈஸ்ட். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: அடியிலிருந்து நூல் பிடித்தாற்போலச் சிறு குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும், கழுத்தோரம் நுரை வளையம் கட்டியிருக்கும். குலுக்கியதால் வந்த நுரை ஒரு நிமிடத்தில் அடங்கும், இது அடங்காது. முகர்ந்தால் கள் வாடை. சித்தப்பா இதைத்தான் சோடா என்று பாராட்டினார்.

நல்ல ஆரஞ்சுச் சாற்றில் மோர் வாடையோ வெண்ணெய் வாடையோ அடித்தால் பலர் குழம்புவார்கள், ‘பால் பாத்திரத்தில் ஊற்றினோமோ’ என்று. குழப்பம் வேண்டாம். மோரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் உறவினர்கள் சாற்றுக்குள்ளும் வளரும். வளர்ந்தால் டையசெட்டைல் என்ற பொருளை விடும். வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதே பொருள்தான். சில சமயம் சாறு கொழகொழவென்று நூலிழுக்கவும் செய்யும். காடி நெடி மூக்கைத் துளைத்தால் அடுத்த கூட்டத்தார் வந்துவிட்டார்கள் என்று பொருள்.

பூஞ்சணம் கண்ணுக்கே தெரியும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் ஒரு திட்டு. இதில் ஒரு பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஊறுகாய் ஜாடியில் மேலே பூத்ததைக் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது பல வீடுகளில் உண்டு. சாற்றில் அது செல்லாது. கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும். அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். தவிர, அமிலத்தையே தின்று புளிப்பைக் குறைக்கும் திறமை சில பூஞ்சணங்களுக்கு உண்டு. புளிப்பு குறைந்தால் கோட்டைக்கு வெளியே நின்றவர்களுக்கும் வழி திறந்துவிடும். முழு பாட்டிலையும் கொட்டுங்கள்.

பாக்கெட்டில் வரும் சாற்றில் எப்போதாவது ஆஸ்பத்திரி நெடி அடிக்கும். சூடாக்கினாலும் சாகாத விதைகளைக் கொண்ட ஒரு பாக்டீரியாவின் வேலை அது. பாக்கெட் உப்பாது, நிறம் மாறாது, மூக்கு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

ஆக, வரிசை இது: பார், கேள், முகர். மூன்றிலும் தேறினால்தான் நாக்கு. முதலிலேயே நாக்கில் விட்டுப் பார்ப்பது நம்மவர் வழக்கம், அதை மாற்றிக்கொள்வது கடினம் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை சொன்ன பிறகு, இந்த மூன்று சோதனைகளுக்கும் எட்டாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாற்றைக் கெடுப்பவையும் ஆளைப் படுக்க வைப்பவையும் பெரும்பாலும் வேறு வேறு கிருமிகள். சால்மோனெல்லா போன்றவை புளிப்பில் பெருகாவிட்டாலும் ஆரஞ்சுச் சாற்றில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாடை வராது, குமிழி வராது. 1990களில் அமெரிக்காவில், சூடாக்கிக் கிருமி நீக்காத ஆரஞ்சுச் சாற்றால் நிறையப் பேருக்கு இப்படி நோய் கண்டது. கிருமி சாற்றுக்குள் பிறப்பதில்லை. பழத்தின் தோல், வெட்டும் கத்தி, பிழியும் கை, கலக்கும் தண்ணீர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. பழத்தை வெட்டும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ‘தோலைத்தான் எறியப் போகிறோமே’ என்று தோன்றும். கத்தி தோலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குப் பிழிந்த உடனே கொடுப்பதே சரி.

எதில் வைப்பது, எங்கே வைப்பது

செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை; அதனாலேயே இங்கே எச்சரிக்கை தேவைப்படுகிறது. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிப்புச் சாறு கூடவே கூடாது. அமிலம் செம்பைக் கரைத்தெடுக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். வைட்டமின் சி அழிவதையும் செம்பு விரைவுபடுத்துகிறது. ஈயம் பூசிய பாத்திரம் பரவாயில்லை என்று பாட்டிமார் சொல்வது சரிதான் (ஈயம் என்று வழங்கினாலும் பூசுவது வெள்ளீயம்). ஆனால் பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று இப்போது யார் பார்க்கிறார்கள்? செப்புக் குடுவையில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி வேலைக்கு எடுத்துச் செல்லும் புதுப் பழக்கத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகத்தை அமிலம் அரிப்பது எத்தனை பெரிய துறை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது: 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று உலோக அரிமான ஆராய்ச்சி.

கப்பலேறி ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன, காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் விற்கின்றன. அழகுக்கு வையுங்கள். சில்லு பெயர்ந்த இடத்தில் இரும்பு தெரியும், சாறு அதைத் தின்னும். பழைய பீங்கான் பூச்சுகளில் சிலவற்றில் உண்மையான ஈயமே இருக்கக்கூடும். அதில் புளிப்பை ஊற வைப்பது விஷப்பரீட்சை. சாற்றுக்குக் கண்ணாடி பாட்டில் போதும். வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்த சிறு பாட்டில்கள். பெரிய பாட்டிலில் பாதி ஊற்றுவதைவிடச் சிறிய பாட்டிலைக் கழுத்து வரை நிரப்புவது நல்லது. காற்றுக்கு இடம் குறையும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குக் குளிர்ச்சிதான். அதை நம்பிச் சாற்றை உள்ளறையில் வைக்க முடியாது. வெளியே 38, 40 டிகிரி அடிக்கும் நாளில் உள்ளறை 30 டிகிரிக்குக் குறையாது. ஈஸ்ட்டுக்கு அது மாமியார் வீட்டு உபசாரம். ஃபிரிட்ஜில் 4, 5 டிகிரியில், கதவில் வைக்காமல் உள்பக்கம் தள்ளி வையுங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. தண்ணீர் கலக்காத எலுமிச்சைச் சாறு அங்கே ஒரு வாரம் நன்றாக இருக்கும். சாத்துக்குடி, ஆரஞ்சு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. பாக்கெட் சாற்றின் மேல் அச்சிட்ட தேதி திறக்காத பாக்கெட்டுக்கு மட்டுமே. திறந்துவிட்டால் நாலைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் நெடுநேரம் நின்றால் இந்தக் கணக்கெல்லாம் சுருங்கும்.

எலுமிச்சை மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் வாங்கி, விலை ஏறும் வெயில் காலத்துக்குச் சேர்த்து வைக்க விரும்புகிறவர்களுக்கு உறைய வைப்பதே என் பரிந்துரை. ஐஸ் தட்டில் முக்கால் குழி ஊற்றுங்கள். உறையும்போது சாறு விரியும். கட்டியானதும் எடுத்து, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்தால் மூன்று நான்கு மாதம் சுவை குன்றாது. உறைநிலை ஈஸ்ட்டைத் தூங்க வைக்கும், முழுதாகக் கொல்லாது. ஆகையால் கரைத்ததை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

ஸ்குவாஷ் செய்கிறவர்கள் அது கெடாமலிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் பொடி சேர்ப்பார்கள். பொடியிலிருந்து வெளிப்படும் கந்தக டைஆக்சைடுதான் காவல். நம் நாட்டு விதிகள் ஸ்குவாஷில் அனுமதிக்கும் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 350 மில்லிகிராம். அதற்குப் பொடி ஏறத்தாழ 0.6 கிராம் போதும். கண்திட்டமாகப் போடும் பொருள் அல்ல இது. நுண்ணிய தராசு இல்லாத வீட்டில் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் தராசு இருந்தாலும் வேண்டாம்.

இந்த ஆண்டு எங்கள் ஃப்ரீசரில் எலுமிச்சைக் கட்டிகள் இருக்கின்றன. பையின் மேல் தேதி ஒட்டச் சொன்னேன். அப்பத்தா ‘மாசி 12’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். சித்தப்பா எந்த பாட்டிலைத் திறந்தாலும் இப்போது முதலில் காதருகே வைத்துக்கொள்கிறார். பன்னீர் சோடாவைக்கூட.